தூளியும் சாட்சியமும்

அனுபவம் என்கிற வார்த்தையை நாம் இம்மாதிரிப் பத்திரிகைகளில் நிறையவே செலவழித்திருக்கிறோம். ஒரு கவிதை நிற்பதற்கும் விழுவதற்கும் அதையே காரணம் சொன்னோம். 'இது அனுபவத்திலிருந்து வந்ததில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அந்தக் கவிஞர் ஆறு மாதம் கண்ணில் படமாட்டார். நானும் அந்த வரியை எழுதியவன்தான். இலக்கியத்தைப் பொறுத்தமட்டில் இன்றும் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் உத்தேசமில்லை. ஆனால் அனுபவம் சாட்சி சொல்ல முடியாத விஷயங்கள் சில உண்டு. அங்கே அது எவ்வளவு உரக்கப் பேசுகிறதோ அவ்வளவுக்கு நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இந்த வருஷம் இதை எனக்குப் புரியவைத்தது, இரண்டு மாதக் குழந்தை ஒன்றை ராத்திரியில் எங்கே படுக்க வைப்பது என்று எங்கள் வீட்டில் நடந்த விவாதம்.

மகள் சென்னையில் இருக்கிறாள். முதல் பிரசவத்துக்குக் கும்பகோணம் வந்தாள். மார்கழியில் பெண் குழந்தை. பிறந்தபோது எடை 2 கிலோ 900 கிராம். மூன்றாவது வாரத்திலிருந்து குழந்தை, குடித்த பாலில் ஒரு பங்கைக் கால் மணிக்குள் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தாள். வாயோரமாக வழியும், சில வேளை மூக்கு வழியாகவும் வரும். ராத்திரியில் படுக்க வைத்ததும் உடம்பை வில்லாக வளைத்து, முகம் சிவந்து, முனகுவாள். தூக்கித் தோளில் சாய்த்தால் அடங்குவாள். கிடத்தினால் மறுபடி முனகல். விடிவதற்குள் நாலு துணி, ஐந்து துணி மாற்ற வேண்டியிருக்கும்.

இதற்கு எதுக்களிப்பு என்று தமிழில் நல்ல சொல் ஒன்று இருக்கிறது. வாந்தி வேறு. வாந்தியில் வயிறு தன் பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளுகிறது. எதுக்களிப்பில் உள்ளே போனது தானாக ஏறிவருகிறது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. வளர்ந்தவர்களுக்கு அது வேண்டும்போது திறந்து மற்ற நேரம் பெரும்பாலும் மூடியிருக்கும். கைக்குழந்தைக்கு அது இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. குடிப்பதோ வெறும் பால், கிடப்பதோ பகலும் இரவும் படுக்கையில். ஏறிவராமல் என்ன செய்யும்? அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்குப்படி நாலு மாதக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு தினம் ஒரு தடவையாவது கக்குகின்றன. ஒரு வயதை நெருங்கும்போது இது நூற்றுக்கு ஐந்தாகக் குறைந்துவிடுகிறது. நம்மவர்கள் கணக்கெடுக்காமலே 'கக்கின பிள்ளை தக்கும்' என்று சொல்லிவைத்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் பழமொழியும் கணக்கும் ஒன்றாகவே பேசுகின்றன.

குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோனோம். எட்டாவது வாரத்தில் எடை 4 கிலோ 400. அதைப் பார்த்ததுமே அந்த அம்மாள், மருந்து எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வந்தால், பீய்ச்சி அடித்தாற்போல் வந்தால், எடை ஏறாமல் நின்றால், பால் குடிக்க மறுத்தால், மூச்சு நின்று நின்று வந்தால், உடம்பு நீலம் பாரித்தால் உடனே வர வேண்டும். மற்றபடி இது துணி துவைக்கிறவர்களின் வியாதி என்றார். பிறகு எங்கே படுக்க வைக்கிறீர்கள் என்று கேட்டார். மூன்று பேர் மூன்று பதில் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். மல்லாக்க, மட்டமான, கெட்டியான பரப்பில், தனியாக, ஆனால் தாய் படுக்கும் அறையிலேயே. தலையணை கூடாது. தலைப்பக்கம் உயர்த்த வேண்டாம். ஒருக்களித்தும் வேண்டாம், குப்புறவும் வேண்டாம். எதுக்களிக்கும் குழந்தைக்கும் இதேதான். இந்தக் கடைசி வரியை மட்டும் பேனாவால் அடிக்கோடு இட்டுக் கொடுத்தார்.

அடிக்கோடு இட்ட வரிதான் வீட்டில் பிரச்னையாயிற்று.

எங்களுடையது பழைய வீடு. கூடத்து உத்திரத்தில் இரும்புக் கொக்கி இருக்கிறது. என் மகனும் மகளும் அதில் தொங்கிய தூளியில்தான் தூங்கினார்கள். சில பக்கங்களில் இதை ஏணை என்பார்கள். ஒரு பழைய நூல் புடவையும், குறுக்கே விரித்துப் பிடிக்க ஒரு கம்பும் போதும். தூளியை இகழ்ந்து பேச எனக்கு ஒரு காரணமும் இல்லை. மண்தரையில் ஈரமும் தேளும் எறும்பும் இருந்த காலத்தில் குழந்தையைத் தரையிலிருந்து தூக்கிவைத்தது அது. களத்துமேட்டில் வேப்பமரத்துக் கிளையில் தொங்கியபடி, தாய்க்கு இரண்டு கைகளையும் விடுவித்துக் கொடுத்தது. அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, தூளிக்கயிற்றின் நுனியைக் கால் கட்டைவிரலில் முடிந்துகொண்டு அரிசி களைந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வேறு எந்தச் சொத்தும் இல்லாத வீடுகளில்கூடத் தூளி இருந்தது.

மனைவி பெட்டியிலிருந்து மஞ்சள் புடவை ஒன்றைத் தேடி எடுத்து, துவைத்துக் காயவைத்தும்விட்டாள். கூடவே கடுகு நிரப்பிய சின்னத் தலையணை ஒன்று தயாராக இருந்தது. அவளுடைய தர்க்கம் எளியது. படுக்க வைத்தால் பால் ஏறுகிறது, நிமிர்த்தினால் இறங்குகிறது, தூளியில் தலை சற்று உயர்ந்து இருக்கும், ஆகவே தூளி. குவளையைச் சாய்த்தால் தண்ணீர் கொட்டும் என்கிற அளவுக்குத் தெளிவான தர்க்கம்.

மூன்றாவதாக ஒரு வஸ்துவும் வீட்டுக்கு வந்திருந்தது. மாப்பிள்ளையின் அண்ணன் குடும்பம் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பியபோது, தங்கள் பையன் 2017ல் படுத்திருந்த படுக்கை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். துணி போர்த்திய தொட்டி மாதிரி இருக்கும். அதில் குழந்தை ஈஸிசேரில் சாய்ந்தாற்போல் கிடக்கும். பார்த்ததும் மனைவிக்குப் பிடித்துப்போயிற்று. "வெள்ளைக்காரன் தூளி" என்றாள். பேர் பொருத்தமாகத்தான் இருந்தது.

மகள் இரண்டையும் மறுத்தாள். அவளுக்கு அந்தத் தாளே பிரமாணம். நான் மூவருக்கும் நடுவில், எதிலும் கட்சி சேராமல், அவள் கைபேசியில் எடுத்துக் கொடுத்தவற்றை இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன்.

படித்தவற்றில் என்னை நிறுத்திய விஷயம் ஒன்று. எதுக்களிப்பைக் கண்டு பயப்படுவது நம் வீட்டுப் பெண்கள் மட்டுமில்லை. மருத்துவமும் அதே பயத்தில் பல வருஷங்கள் இருந்திருக்கிறது. பெஞ்சமின் ஸ்போக் என்ற அமெரிக்க டாக்டரின் குழந்தை வளர்ப்பு நூல் 1946ல் வந்தது. கோடிக் கணக்கில் விற்றது. 1950களின் பிற்பாதியில் வந்த அதன் பதிப்புகள், குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சிபாரிசு செய்தன. சொன்ன காரணங்களில் ஒன்று இதுதான்: மல்லாந்து கிடக்கும் குழந்தை கக்கினால், கக்கியது தொண்டையில் அடைத்துக்கொள்ளும். யாரும் கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிடக்கூடிய படிமம் அது. மேற்கத்திய நாடுகளில் ஒரு தலைமுறைக்கு மேல் குழந்தைகள் குப்புறப் படுத்தன. தூக்கத்தில், காரணம் தெரியாமல், ஆரோக்கியமான குழந்தைகள் இறந்துகொண்டும் இருந்தன.

இரண்டுக்கும் உள்ள தொடர்பு மெதுவாகத்தான் வெளிப்பட்டது. இங்கிலாந்தில் 1991லும் அமெரிக்காவில் 1994லும் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் தொடங்கியது. சில வருஷங்களில் அமெரிக்காவில் இந்தச் சாவுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. பயந்தபடி, மல்லாந்த குழந்தைகள் கக்கிப் புரையேறிச் சாவது கூடவில்லை. 2005ல் வெளிவந்த ஓர் ஆய்வு பழைய தகவல்களையெல்லாம் திரும்ப எடுத்து வைத்துப் பார்த்தது. 1970 வாக்கிலேயே கையில் இருந்தவற்றை ஒன்றுசேர்த்துப் படித்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருக்கலாம் என்று அது சொல்கிறது. தகவல்கள் இருந்தன, அவற்றை யாரும் சேர்த்துப் படிக்கவில்லை. படிமமோ யாரும் சேர்த்துக் கொடுக்காமலே முழுசாக இருந்தது.

படிமத்தின் தவறு எங்கே என்பதை உடற்கூறு தெளிவாகவே காட்டுகிறது. மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு முன்னால் இருக்கிறது. குழந்தை மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. ஏறிவந்த பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். அதற்குள் குழந்தை விழுங்கிவிடுகிறது, அல்லது இருமித் துப்பிவிடுகிறது. குப்புறக் கிடந்தால் எல்லாம் தலைகீழ்: மூச்சுக்குழாய் வாய்க்கால் மாதிரி கீழே காத்திருக்கிறது. குவளை தர்க்கம் குழந்தைக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம், குவளைக்கு ஒரே வாய். குழந்தையின் தொண்டைக்குள் இரண்டு.

சாய்வுக்கும் இதே கதி. 1983ல் குழந்தை நாற்காலியைச் சோதித்துப் பார்த்தார்கள். எதுக்களிப்புக்கு அதுவே சிகிச்சை என்று அப்போது சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் உட்கார்த்திய குழந்தைகளுக்கு, குப்புறப் படுத்தவர்களைவிட எதுக்களிப்பு அதிகமாகவே இருந்தது. உடம்பு இடுப்பில் மடிகிறது, வயிறு அழுந்துகிறது, அவ்வளவுதான். அதைவிட முக்கியமானது கழுத்து. இரண்டு மாதக் குழந்தைக்குத் தலை கனம். சாய்வில் அது முன்னால் சரிந்து மோவாய் மார்பில் படும்போது, அவ்வளவு மெல்லிய மூச்சுக்குழாய் சத்தமில்லாமல் மடங்கிவிடும். அமெரிக்காவில் இந்தச் சாய்வுப் படுக்கை ரகத்தில் அதிகம் விற்ற ஒன்றை 2019 ஏப்ரலில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 2009லிருந்து விற்றவை 47 லட்சம். அதற்குள் 30க்கு மேற்பட்ட குழந்தைகள் அதில் இறந்திருந்தன. 2022ல் சட்டமே வந்தது: 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த எதையும் குழந்தை தூங்குவதற்கு என்று விற்கக்கூடாது. எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த ரகம்தான். அதை யாருக்கும் மறுபடி கொடுக்க முடியாதபடி கம்பிகளை வளைத்துத் துணியைக் கிழித்துக் குப்பைக்குப் போட்டேன்.

அப்படியானால் தூளி? இதே கேள்வியைத் தூளியிடமும் கேட்க வேண்டியதுதான். அதிலும் உடம்பு வில்லாக மடிகிறது. மோவாய் மார்பை நோக்கிப் போகிறது. பக்கத்துத் துணி முகத்தை மூடுகிறது. 'தூளியில போட்டா கக்குறதில்ல' என்பது மனைவியின் வாதம். தூளிக்குள் முகம் தெரிவதில்லை என்பது என் சந்தேகம். ஆட்டினால் அழுகை நிற்கிறது, இது நிஜம். ஆனால் அழுகை நிற்பது வேறு, ஆபத்து நீங்குவது வேறு. முன்னதைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். பின்னதற்கு ஓசை கிடையாது. எதுக்களிப்பு மூர்க்கமாக, நாற்றத்தோடு, துணியை நனைத்துக்கொண்டு வருகிறது. அந்த இன்னொன்று எந்த அறிகுறியுமில்லாமல் வருகிறது. எங்கே படுக்க வைப்பது என்று முடிவு செய்கிறபோது, பார்வைக்குப் படுகிற தொல்லைக்கும் படாத ஆபத்துக்கும் இடையில்தான் முடிவு செய்கிறோம். தொல்லைதான் எப்போதும் நன்றாகப் பேசும்.

ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு விவாதம் முற்றிவிட்டது. மனைவி சொன்னாள்: "ரெண்டு புள்ளைங்களத் தூளியில போட்டுத்தான் வளத்தேன். ரெண்டும் நல்லாத்தானடி இருக்கீங்க?"

"நல்லா இருக்கறவங்கதானேம்மா வந்து சொல்ல முடியும்?" என்றாள் மகள்.

நான் வாழ்நாளில் படித்த விமரிசன வாக்கியங்களில் இதற்குச் சமமாகச் சிலவற்றைத்தான் சொல்ல முடியும். பிழைத்தவர்களின் சாட்சியம் எல்லாப் படுக்கைகளுக்கும் சாதகமாகவே இருக்கும். தூளியில் வளர்ந்தவர்கள் தூளியைச் சொல்வார்கள், குப்புற வளர்ந்தவர்கள் குப்புறப் படுப்பதைச் சொல்வார்கள். ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ குறைகிற, கூடுகிற ஒரு விஷயத்தை எந்த ஒரு வீட்டின் அனுபவமும் பார்த்துவிட முடியாது. ஒரு தெருவின் அனுபவமும் முடியாது. லட்சக்கணக்கான வீடுகளை ஒன்றாக வைத்து எண்ணினால்தான் அது தெரிகிறது. அந்த எண்ணிக்கை யாருடைய அனுபவமும் இல்லை. அதனால்தான் அதைக் கேட்டு யாருக்கும் மயிர் கூச்செறிவதில்லை.

ஆனால் மகள் அதைச் சொன்னதும் மனைவி எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். கோபம் என்று மகள் நினைத்தாள். எனக்குக் காரணம் தெரியும், மகளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து மனைவியே வந்து உட்கார்ந்து சொன்னாள்.

அவளுக்கு எட்டு வயசாக இருக்கும்போது, 1967ல், ஒரு தம்பி பிறந்தான். அவனும் கக்குகிற பிள்ளை. தாயோடு பாயில் படுத்திருந்தான். மூணாவது மாசம் ஒரு நாள் விடியற்காலம் தாய் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, பால் புரையேறிவிட்டது என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிறந்த எந்தக் குழந்தையையும் பாயில் போடவில்லை. எல்லாம் தூளி. "நான்தான் மொதல்ல எந்திரிச்சுப் பாத்தேன். மூஞ்சி பாயில இருந்துச்சு," என்றாள் மனைவி.

மகள் ஒன்றும் பேசவில்லை. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தூளி எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பது இதுதான். வழக்கம், மூட நம்பிக்கை, கிராமம் என்று நாம் சுலபமாகப் பேர் வைத்துவிடுகிற பல விஷயங்களுக்கு அடியில் இப்படி ஒரு விடியற்காலம் இருக்கக்கூடும். மனைவியின் தர்க்கத்தைக் குவளை தர்க்கம் என்று சொன்னேன். அது பொதுவான பயத்திலிருந்து வந்ததில்லை. எட்டு வயதில் பார்த்த ஒரு முகத்திலிருந்து வந்தது. நாம் இந்தப் பக்கங்களில் கேட்கிற அசல் அனுபவம் என்பது இதைவிட அசலாக இருக்க முடியாது. அது சொன்ன முடிவோ தவறு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒப்புக்கொள்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் சொன்ன அதே வாக்கியத்தை நான் வேறு மாதிரி வாசித்தேன். மூஞ்சி பாயில் இருந்தது என்றால் குழந்தை மல்லாந்து கிடக்கவில்லை. ஒருக்களித்துப் பால் குடித்தபடியே தூங்கி, குப்புறச் சரிந்திருக்கலாம். அவள் பாயைக் குற்றவாளியாகப் பார்த்த அதே சாட்சியம், வேறொரு வாசிப்பில், அடிக்கோடு இட்ட வரிக்கு ஆதரவாக நிற்கிறது. சாவுக்குப் பிறகு மூச்சுக்குழாயில் பால் இருப்பதுகூடக் கடைசி நிமிஷத்தில் ஏறியதாக இருக்கலாம். அதை வைத்துக் காரணம் சொல்லிவிட முடியாது. ஒரு பிரதியை வேறு விதமாக வாசிக்க முடியும் என்று காட்டுவது எங்களுக்கெல்லாம் கைவந்த தொழில். அன்று ராத்திரி நான் அதைச் செய்யவில்லை. அறுபது வருஷத்துக்கு அருகில் வந்துவிட்ட ஒரு சாவின் காரணத்தை மாற்றிக் கொடுத்து, அதன்மூலம் ஒரு படுக்கையை ஜெயிக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. மனைவி இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை; அதனால் இங்கே எழுதுகிறேன்.

முடிவுக்கு எங்களைக் கொண்டுவந்தது வாதம் அல்ல. மறுநாள் காலையில் மனைவியே சொன்னாள்: "சரி, மட்டமாவே போடுங்க. ஆனா யாராச்சும் முழிச்சிருக்கணும்."

காவல் இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனால் மனைவியின் நிபந்தனையில் ஒரு நியாயம் இருந்தது. யோசித்துப் பார்த்தால் தூளியும் சாய்வுப் படுக்கையும் பெரியவர்களுக்குக் கொடுக்கிற சாமான் தூக்கம்தான். குழந்தையை அடக்கிவைக்கின்றன, அந்த நேரத்தில் தாய் தூங்குகிறாள், அல்லது வேலை செய்கிறாள். மட்டமான பலகை அந்த உதவியைச் செய்யாது. எதுக்களிக்கும் குழந்தை அதில் அதிகமாகத்தான் முனகும். குடித்ததும் இருபது முப்பது நிமிஷம் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பலகையைத் தேர்ந்தெடுத்தால், அது கொடுக்காத தூக்கத்தை வேறு யாராவது கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது ராத்திரி அசதியில் தாயே குழந்தையைக் கைக்குக் கிடைத்த இடத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவாள். பத்தியம் சொல்கிறவர்கள் யார் சமைப்பது என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில் பாயை விரித்துப் பார்த்தோம். கோரைப்பாய் கெட்டி, மட்டம், காற்றோட்டம். தாளில் இருப்பதற்கு நெருக்கமாக நம் வீட்டிலேயே இருந்தது அதுதான். இரண்டாம் நாளே எறும்பு வந்துவிட்டது. பால் கக்குகிற குழந்தையைத் தரையில் போட்டால் எறும்பு வரத்தான் செய்யும். மருந்து தூவவும் முடியாது. அண்டை வீட்டு மச்சிலிருந்து பழைய மரத்தொட்டில் ஒன்று கிடைத்தது. நாலு கால், நாலு பக்கமும் கம்பி, அடியில் ஒரே பலகை. கம்பிகளுக்கு நடுவே சோடா மூடி அகலம்தான், தலை போகாது. கால்கள் நாலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் வைத்தோம். இலவம்பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டு, ஜமக்காளத்தைப் பலகை அளவுக்கு மடித்து இறுக்கிப் போட்டோம். மேலே விரிக்க மனைவி அந்த மஞ்சள் புடவையை நாலாகக் கிழித்து ஓரம் தைத்தாள். ஒவ்வொன்றையும் பலகைக்கு அடியில் இழுத்துச் செருகினோம். கடுகுத் தலையணை திரும்பப் பெட்டிக்குப் போயிற்று. தொட்டில் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில்.

ராத்திரி பத்துக்கு, ஒன்றுக்கு, நாலுக்குப் பால். கொடுத்துவிட்டு மகள் படுத்துவிடுவாள். ஒரு மணிப் பாலுக்குப் பிறகு நான். நாலு மணிக்கு மனைவி. தோளில் போட்டு முதுகைத் தட்டி, ஏப்பம் வந்த பிறகும் அரைமணி நிமிர்த்திப் பிடித்திருந்து, தொட்டிலில் மல்லாக்கக் கிடத்த வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுத்த ஒன்று என் ஈஸிசேர். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ கண் அயர்வது எல்லாவற்றிலும் ஆபத்தானது என்று தாளில் இருந்தது. குழந்தை நழுவி மடிப்புக்குள் போய்விடும். வாசல் திண்ணையில் கிடந்த, சாய முடியாத மர நாற்காலியை உள்ளே கொண்டுவந்தேன். அதில் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வராது. பதினைந்து நிமிஷத்தில் முதுகு வலி எழுப்பிவிடும்.

அந்த அரைமணிகளைப் பற்றி உயர்வாக எதுவும் எழுதப் போவதில்லை. படிக்க முடியாது, விளக்கு கூடாது. கவிதையும் தோன்றவில்லை. காதுக்குப் பக்கத்தில் குழந்தையின் மூச்சு. அது வேகமாக ஓடும், சில விநாடி நிற்பதுபோல் இருக்கும், மறுபடி ஓடும். அந்த வயதுக்கு அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தாலும் நிற்கிற அந்தச் சில விநாடி ஒவ்வொரு தடவையும் நீளமாகத்தான் இருந்தது. தெரிந்திருப்பது பயத்தைப் போக்கிவிடும் என்று சொல்கிறவர்கள் ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்ததில்லை. பயத்தைக் கையில் வைத்துக்கொண்டே சரியானதைச் செய்ய விடுகிறது. அவ்வளவுதான் அதனால் முடியும்.

இப்போது குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. போன வாரம் குப்புற விழுந்தாள். வீட்டில் பாயசம் வைத்தோம். கக்குவது நிற்கவில்லை, பாதியாகியிருக்கிறது. கிடத்தும்போது மல்லாக்கத்தான் கிடத்துகிறோம். தானாகப் புரண்டு திரும்பவும் தெரிந்துகொண்டுவிட்டால் அப்படியே விட்டுவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மனைவி இன்னமும் நாலு மணிக்கு எழுந்து, பால் நேரம் இல்லாவிட்டாலும், தொட்டிலுக்குள் குனிந்து முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுக்கிறாள். அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

அடுத்த வாரம் மகள் சென்னைக்குப் போகிறாள். அங்கே அடுக்ககத்தில் கம்பி வைத்த குழந்தைக் கட்டில், கெட்டி மெத்தை எல்லாம் வாங்கி வைத்திருப்பதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். ராத்திரி ஒரு மணிப் பாலுக்குப் பிறகு தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அவர் எங்கே உட்காருவார் என்று கேட்டேன். "சோபா இருக்கே மாமா" என்றார்.

மர நாற்காலியை லாரி பார்சலில் போட்டுவிட்டேன்.